ஆற்றை முழம் போட்ட ரசியா மாமி

ரசியா மாமியைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் என் தம்பி, "பேப்பர் நிறைய வாங்கி வச்சுக்கோ" என்றான். அவ்வளவெல்லாம் தேவையில்லை. எழுபத்தொன்பது வயது வரை வாழ்ந்த மாமியைத் தெரிந்துகொள்ள மூன்று நாள் போதும். மற்ற நாட்களில் அவர் செய்ததெல்லாம் துணி விற்றதும் அடுத்தவர் வீட்டுக் கல்யாணத்தில் மூக்கை நுழைத்ததும்தான். அந்த மூன்று நாளும் அதையேதான் செய்தார், ஆனால் படகில் போய்ச் செய்தார்.

மாமி என் வாப்பாவின் அக்கா. நாகூரில் பிறந்தவர். பதினான்கு வயதில் நிக்காஹ் முடித்து, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸுக்குக் கப்பலில் கொண்டுவரப்பட்டார். மாப்பிள்ளைக்கு அப்போது நாற்பத்தாறு வயது. நாகூரில் அந்த வருஷம் விஷக்காய்ச்சல் பரவியிருந்தது. பெண்ணைச் சீக்கிரம் ஒருவர் கையில் பிடித்துக் கொடுத்துவிட வேண்டும் என்று பெரியவர்கள் பதறிவிட்டார்கள். மாப்பிள்ளை நல்ல மனிதர்தான் என்று எல்லோரும் சொல்வார்கள். மாமி மட்டும் அப்படியும் சொன்னதில்லை, இப்படியும் சொன்னதில்லை. பத்து வருஷத்தில் அந்த மனிதர் மௌத்தாகிப் போனார். மாமிக்கு மிஞ்சியது ஒரு துணி மூட்டையும் துணி அளக்கிற ஒரு கெஜக்கோலும்.

அழுதுகொண்டு ஊர் திரும்புவார் என்று சொந்தக்காரர்கள் எதிர்பார்த்தார்கள். மாமியோ ஊரிலிருந்த பன்னிரண்டு வயதுத் தம்பியை இங்கே வரவழைத்துக்கொண்டார். அந்தத் தம்பிதான் என் வாப்பா ஜெய்னுதீன். அவரைத் தையல் கடையில் சேர்த்துவிட்டு, மூட்டையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ரயில்வே குவார்ட்டர்ஸில் அடுப்படி அடுப்படியாக மாமி துணி விற்கப் போனார். கம்பம் என்கிற மலாய்க் கிராமங்களுக்கும் போவார். அவருக்குத் தெரிந்த மலாய் முழுக்கத் துணிக்கடை மலாய்: நிறங்கள், எண்கள், பேரம், 'சத்தியமாகச் சாயம் போகாது'. அதைத் தாண்டி யாராவது பேசினால் சிரித்துச் சமாளிப்பார்.

ஜப்பான்காரன் வந்ததும் துணி வருவது நின்றுபோனது. துரைமார்கள் விட்டுவிட்டு ஓடிய பங்களாக்களின் திரைச்சீலைகள் பாசார் என்கிற சந்தைக்கு வந்தன. மாமி அவற்றை வாங்குவார். வாப்பா ரவிக்கையாகத் தைத்துக் கொடுப்பார். அந்த வருஷங்களில் பிரிக்பீல்ட்ஸில் பாதிப் பெண்கள் துரை வீட்டு ஜன்னலைத்தான் உடுத்திக்கொண்டு நடந்தார்கள்.

எங்கள் தெருவில் சிப்பாய்களை யாரும் வெளிப்படையாகப் பெயர் சொல்ல மாட்டார்கள். 'பசங்க' என்பார்கள். "பசங்க வராங்க" என்று ஒரு குரல் கேட்டால் ஆண்கள் எல்லோரும் பின்வாசல் வழியாகக் காணாமல் போய்விடுவார்கள். காரணம் இருந்தது. அது 1943. சயாமில் ரயில்பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பாசாரிலோ ரயில் நிலையத்திலோ வாட்டசாட்டமான தமிழ் ஆள் கண்ணில் பட்டால் லோரியில் ஏற்றிவிடுவார்கள். ஏறிப் போனவர்களைப் பற்றி ஒரு தகவலும் திரும்பி வரவில்லை.

வாப்பாவுக்குக் கிள்ளானில் பெண் நிச்சயமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பெண்ணின் பெயர் லத்தீஃபா. ஆற்றங்கரையை ஒட்டி மளிகைக்கடை வைத்திருந்த மைதீன் அவர்களின் ஒரே மகள். சண்டை முடியட்டும், கல்யாணத்தைச் சிறப்பாகச் செய்யலாம் என்று இரு வீட்டாரும் பேசி வைத்திருந்தார்கள். சண்டை முடிகிற மாதிரித் தெரியவில்லை. ஒருநாள், ஊர் விட்டு ஊர் போகத் தேவையான பாஸோடு கிள்ளானிலிருந்து வந்த வெற்றிலை வியாபாரி ஒருவர், மைதீன் சொல்லியனுப்பிய சேதியை வாசலில் நின்றபடியே சொன்னார்.

"பசங்க ரெண்டு தடவை கடைக்கு வந்துட்டாங்களாம். வீட்டுல எத்தனை பொம்பளைங்கன்னு கேட்டாங்களாம். மனுஷன் நடுங்கிப்போயிட்டாரு. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிஞ்ச கையோட நிக்காஹ் வச்சிட்டாரு. அதுக்குள்ள உங்க தம்பி வந்தா மாப்பிள்ளை அவரு. வரலேன்னா செய்யது அலி."

செய்யது அலி கிள்ளானில் சிப்பாய்களுக்கு அரிசி கொடுக்கிற கான்ட்ராக்டர். ஐம்பது வயது, மனைவி இறந்து ஒரு வருஷம். அவர் வீட்டு வாசற்படியைச் சிப்பாய்கள் மிதிக்க மாட்டார்கள். மைதீன் அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். மகளை வைத்துக்கொண்டு அந்தக் காலத்தில் தூங்கின தகப்பன் யாரும் இல்லை.

ரயிலில் போனால் நிலையத்திலேயே வாப்பாவைப் பிடித்துக்கொள்வார்கள். ரோட்டில் போனால் பாலத்துக்குப் பாலம் காவல். வாப்பா தையல் மிஷின் முன்னால் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"விட்டுடுங்க லாத்தா. அந்தப் பொண்ணாவது பத்திரமா இருக்கட்டும்."

மாமி கெஜக்கோலைத் தரையில் ஓங்கி அடித்தாராம். "பத்திரமாவா? நானும்தான்டா பத்து வருஷம் பத்திரமா இருந்தேன். அந்தப் பத்திரம் எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியுமா? வேண்டாம்டா. அந்தப் புள்ளைக்கு வேண்டாம்."

அக்கா அப்படிப் பேசி வாப்பா அதற்கு முன் கேட்டதில்லை. அதற்குப் பிறகும் கேட்டதில்லை. பிறகு மாமி கொல்லைப்பக்கம் போய் நின்றார். அங்கிருந்து பார்த்தால் கிள்ளான் ஆறு தெரியும். ஈயச்சுரங்க மண் கலந்து, தேத்தண்ணி நிறத்தில், சத்தமே இல்லாமல் போய்க்கொண்டிருக்கும்.

"ஜெய்னு, இந்தத் தண்ணி எங்கடா போவுது?"

"கிள்ளானுக்குத்தான்."

"இதுகிட்ட யாராச்சும் பாஸ் கேக்குறாங்களா?"

அன்றைக்கே ஏற்பாடு தொடங்கிவிட்டது. ஆற்றைப் பற்றி மாமிக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் ஆற்றங்கரையில் குடியிருந்த பெண்களில் பாதிப் பேரை அவருக்குத் தெரியும். ஒரு சாண் அகலத்துக்குக் காடாத் துணியை நீளமாகக் கிழித்துக்கொண்டார். விற்க ஒன்றும் இல்லாத மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு, போகிற வீடெல்லாம் ஊர்க்கதை பேசினார். உங்க அம்மா வீடு எந்தத் தோட்டம், ஆத்துக்கு நடந்து போற தூரமா, துணி துவைக்க எறங்குவீங்களா, எவ்வளவு ஆழம், அந்தப் பக்கம் பசங்க உண்டா? கேட்டதையெல்லாம் வீட்டுக்கு வந்து துணியில் ஏற்றினார். காலையிலிருந்து மதியம் வரை போகிற தூரம் ஒரு முழம். காவல் உள்ள பாலத்துக்குச் சிவப்பு நூல். தமிழ்க் குடும்பங்கள் உள்ள தோட்டத்துக்குப் பச்சை நூல். மணல் மேடிட்டு ஆழம் குறைகிற இடத்தில் ஒரு மடிப்பு. மரம் விழுந்து கிடக்கிற இடத்தில் ஒரு முடிச்சு. முதலை பார்த்ததாக ஒருத்தி சொன்ன இடத்துக்குக் கறுப்பு நூல். ஆறு வளைகிற இடத்தில் துணியையும் வளைத்துத் தரையில் விரித்து, கெஜக்கோலால் தொட்டுத் தொட்டு வாப்பாவுக்குப் பாடம் நடத்தினார்.

"புதன்கிழமை விடியறப்ப எறங்குறோம். இந்தப் பச்சை நூல்ல ராத்தங்கல். நம்ம குவார்ட்டர்ஸ் மாணிக்கம் பொண்டாட்டியோட தங்கச்சி அந்தத் தோட்டத்து லயத்துல இருக்கா, சொல்லி அனுப்பிட்டேன். வியாழக்கிழமை இந்த மடிப்புல எல்லாரும் எறங்கித் தள்ளணும். வெள்ளிக்கிழமை வெயில் ஏறறதுக்குள்ள உன் மாமனார் கடைப் படிக்கட்டு."

துணியின் கடைசி முழத்தில் நூலும் இல்லை, முடிச்சும் இல்லை. பத்து தீகா என்ற ஊருக்குக் கீழே, நீப்பா என்கிற சேற்றுப் பனையின் மட்டைகள் அடர்ந்த பகுதி அது. அங்கே குடியிருந்த யாரும் மாமியிடம் துணி வாங்கியதில்லை. "கொஞ்ச தூரம்தானே" என்று மாமி விட்டுவிட்டார்.

படகு பந்தாய்க் கம்பத்தில் கிடைத்தது. பாக் ஹித்தாம் என்ற மலாய்க்காரர் மணல் அள்ளப் பயன்படுத்திய சம்பான் அது; அகலமான, மூன்று பேர் உட்காரக்கூடிய படகு. அவர் மலேரியாவில் படுத்துக்கிடந்ததால் அது சும்மா கிடந்தது. மாமி மூட்டையின் அடியில் பதுக்கி வைத்திருந்த கடைசி இரண்டு பாத்தேக் கைலிகளைக் கொடுத்து வாங்கினார். மனிதர் படுக்கையிலிருந்தே கையை ஆட்டி ஆட்டி நிறைய சொன்னாராம். அதில் நிறமும் இல்லை, விலையும் இல்லை. மாமி சிரித்துத் தலையாட்டிவிட்டு வந்துவிட்டார்.

துணைக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. குவார்ட்டர்ஸில் குடியிருந்த சோலையப்பன் ரயில் பெட்டிகளை இணைக்கிற வேலையில் இருந்தவர். சயாமுக்கு அனுப்பப்போகிறவர்களில் தன் பெயரும் இருப்பதாகக் கேள்விப்பட்டு, கிள்ளான் பக்கத்துத் தோட்டத்திலிருந்த மச்சான் வீட்டுக்கு எப்படிப் போவது என்று தவித்துக்கொண்டிருந்தார். மாமி கேட்ட உடனே சரி என்றார். மாமிக்குப் பெரிய நிம்மதி. ஆம்பளை, கட்டுமஸ்தான ஆள், படகு வலிக்க இவர் இருக்கிறார் என்று வாப்பாவிடம் சொன்னார்.

புதன்கிழமை விடியற்காலையில் மாமி ஃபாத்திஹா ஓதி முடித்தார். சோலையப்பன் பத்துமலை இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டார். அவித்த மரவள்ளிக்கிழங்கு ஒரு கூடை, கருவாடு, தண்ணீர்க் குடம், கல்யாணத் துணியும் கருகமணியும் வைத்து மெழுகால் மூடிய பிஸ்கட் டின், எல்லாம் ஏற்றியாயிற்று. மாமி நடுவில் உட்கார்ந்து கெஜக்கோலை மடியில் வைத்துக்கொண்டார். படகைத் தள்ளி ஏறினார்கள். படகு நடு ஆற்றுக்குப் போய் அழகாக ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு இன்னொரு சுற்று.

"ஏன் சோலையப்பா சும்மா இருக்கீங்க? வலிங்க."

"நானா? எனக்கென்ன தெரியும்க்கா? நீங்கதான் நாகூர்க்காரங்க. கடலுக்குப் பக்கத்துலயே பொறந்தவங்கன்னு நம்பித்தானே வந்தேன்!"

"கடல் பக்கமா? எங்க வீட்டுல பொம்பளைப் புள்ளைங்கள வாசலுக்கே விடமாட்டாங்க!"

இருவரும் வாப்பாவைப் பார்த்தார்கள். வாப்பா பன்னிரண்டு வயதில் கப்பலில் வந்தபோது முழுக்க வாந்தி எடுத்தபடியே வந்தவர். அதை இந்த நேரத்தில் சொல்ல வேண்டாம் என்று துடுப்பைக் கையில் எடுத்துக்கொண்டார்.

நல்லவேளை, அது சாதுவான ஆறு. யார் வலித்தாலும் வலிக்காவிட்டாலும் தண்ணீர் தன் பாட்டுக்குக் கீழே இழுத்துக்கொண்டு போனது. முதல் வளைவில் வலது கரையில் முட்டினார்கள்; அடுத்ததில் இடது கரையில். மத்தியானத்துக்குள் ஆளுக்கொரு பக்கம் வலிக்க வேண்டும் என்பது பிடிபட்டுவிட்டது. மாமி கெஜக்கோலைத் தண்ணீரில் விட்டு ஆழம் பார்த்து, "ரெண்டரை முழம், போலாம்" என்பார். காடாத் துணியில் சிவப்பு நூல் வந்த இடத்தில் மாமி முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு கிழங்குக் கூடையை முன்னால் நகர்த்தினார். வாப்பாவும் சோலையப்பனும் படகுக்குள் சாக்கைப் போர்த்திப் படுத்துக்கொண்டார்கள். பாலத்தின் மேல் நின்ற காவல்காரன் எட்டிப் பார்த்தான். ஒரு பெண், கிழங்கு, மெதுவாக மிதக்கிற படகு. அவன் கொட்டாவி விட்டான். பாலத்தைத் தாண்டி நெடுந்தூரம் போன பிறகும் சாக்குக்குள்ளிருந்து சோலையப்பனின் "முருகா, முருகா" நிற்கவில்லை.

பச்சை நூல் இருந்த இடத்தில் தோட்டம் இருந்தது. தங்க இடம் கிடைத்தது. மடிப்பு இருந்த இடத்தில் மணல் மேடு இருந்தது; இறங்கித் தள்ளினார்கள். முடிச்சு இருந்த இடத்தில் மரம் கிடந்தது. வியாழக்கிழமை சாயங்காலம், இன்றைக்கு ஷா ஆலம் என்ற பெயரில் தொழிற்சாலைகள் நிறைந்திருக்கிற இடத்துக்குப் பக்கத்தில், அப்போது ரப்பர்க் காடு, படகைக் கட்டினார்கள். வாப்பாவின் உள்ளங்கை இரண்டும் கொப்புளம். ஆனால் ரயிலில் தினம் போகிறவர் மாதிரி, "நாளைக்கு எறங்கற எடம் வந்துடும்" என்றாராம். மாமிக்கு அன்று சந்தோஷம் தாங்கவில்லை. தான் ஏற்பாடு செய்தது ஒன்றுகூடத் தப்பவில்லையே என்று கிழங்கைத் தின்றபடியே திரும்பத் திரும்பச் சொன்னாராம். அந்தப் பெருமையை நான் பிறந்த பிறகும் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை கடைசி முழம். இரு கரையிலும் நீப்பா மட்டைகள் சுவர் மாதிரி நின்றன. ஆறு அகலமாகிவிட்டது. வழக்கமாகக் கீழே இழுக்கிற தண்ணீர் அன்றைக்கு இழுக்கவில்லை. எவ்வளவு வலித்தாலும் பக்கத்து மட்டை பக்கத்திலேயே நின்றது. கொப்புளத்தால்தான் கை ஓடவில்லை என்று வாப்பா நினைத்துக்கொண்டார். அப்போது கரையில் மீன்கூடு கட்டிக்கொண்டிருந்த ஒரு மலாய்க்காரர் இவர்களைப் பார்த்து எழுந்து நின்று இரண்டு கையையும் ஆட்டினார்.

"ஜாங்ஙான் துரூன்! பசங்! பசங் நாய்!"

படகில் இருந்த மூன்று பேரும் சட்டென்று குனிந்தார்கள்.

"அக்கா! பசங்க வராங்களாம்! நாயோட வராங்களாம்!" என்றார் சோலையப்பன்.

எங்கள் தெருச் சங்கேதம் இந்த மனிதருக்கு எப்படித் தெரிந்தது என்று யாரும் யோசிக்கவில்லை. மலாயில் பாசாங் என்றால் கடலிலிருந்து ஏறி வருகிற தண்ணீர். நாயிக் என்றால் ஏறுவது. தண்ணீர் ஏறுகிறது, இப்போது கீழே போகாதீர்கள் என்றுதான் அந்த நல்ல மனிதர் கத்தியிருக்கிறார். பாக் ஹித்தாமும் படுக்கையிலிருந்து அதைத்தான் படித்துப் படித்துச் சொல்லியிருக்க வேண்டும். நாயிக் என்ற வார்த்தை மாமிக்குத் தெரியாமலா இருந்தது? விலை நாயிக் ஆகிவிட்டது என்று தினமும் சொல்லி விற்றவர்தான். அந்தப் பதற்றத்தில் காதில் விழுந்தது பசங்களும் நாயும் மட்டும்தான்.

மாமி கெஜக்கோலை நீட்டிக் காட்டினார். "அந்தச் சந்துல விடுங்க! சீக்கிரம்!"

நீப்பாவுக்கு நடுவே ஒரு சின்ன வாய்க்கால் இருந்தது. படகை அதற்குள் திருப்பியதும் ஏறுகிற தண்ணீரே அவர்களை உள்ளே உள்ளே கொண்டுபோய்விட்டது. தலைக்கு மேல் மட்டைகள் மூடிக்கொண்டன. கொசு மொய்த்தது. யாரும் கையை அசைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் நிஜமாகவே ஒரு மோட்டார்ப் படகுச் சத்தம் கேட்டது. மட்டை இடுக்கில் வாப்பா பார்த்தார். ஜப்பான் கொடி கட்டிய படகு. நான்கு சிப்பாய்கள் துப்பாக்கியோடு. தண்ணீர் ஏறுகிற வேளையில் மட்டும்தான் அவ்வளவு பெரிய படகு அந்த இடத்துக்கு வர முடியும். இவர்கள் கீழே போய்க்கொண்டிருந்திருந்தால் நேருக்கு நேர் முட்டியிருப்பார்கள். கரையில் நின்ற மலாய்க்காரர் ஒன்றும் தெரியாதவர் போல மீன்கூட்டைக் கட்டிக்கொண்டிருந்தார்.

சிப்பாய்களின் படகு மேலே போய், வெகுநேரம் கழித்துத் திரும்பிக் கீழே போனது. சோலையப்பன் அப்போது கேட்ட கேள்வியைச் சாகிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார்: "எல்லாம் சரி, நாயைக் காணோமே?"

வெளியே போகலாம் என்று துடுப்பைப் போட்டால் படகு அசையவில்லை. வாய்க்காலில் தண்ணீர் இல்லை. உள்ளே கொண்டுவந்துவிட்ட தண்ணீர் சத்தம் போடாமல் இறங்கிப் போய்விட்டது. படகு சேற்றில் உட்கார்ந்திருந்தது. வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. கிள்ளான் பள்ளிவாசலில் இப்போது ஆட்கள் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளூ செய்துகொண்டிருப்பார்கள் என்று வாப்பா நினைத்தாராம். நினைத்ததும் அவருக்கு அழுகை வந்துவிட்டது.

மாமி ஒன்றும் சொல்லாமல் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படகிலிருந்து குதித்தார். இடுப்பு வரை சேறு. "எறங்குங்கடா ரெண்டு பேரும்! அந்தப் புள்ளை அங்க உக்காந்திருக்கா. இங்க உக்காந்து அழுவுறியா நீ?"

மூன்று பேரும் தள்ளினார்கள். கெஜக்கோலைப் படகுக்கடியில் கொடுத்து மாமி நெம்பினார்; அது இரண்டாக ஒடிந்தது. பாதிக் கோலோடு மறுபடி நெம்பினார். சோலையப்பன் ரயில் பெட்டி தள்ளுகிற ஆள் என்பது அன்றைக்குத்தான் பிரயோஜனப்பட்டது. "ஏலேலோ" எல்லாம் இல்லை. ஷன்டிங் யார்டில் போடுகிற கத்தலைப் போட்டுத் தள்ளினார். படகு வழுக்கிக்கொண்டு ஆற்றில் போய் விழுந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லும்போது வாப்பாவின் முகமே மாறிவிடும். இறங்குகிற தண்ணீரோடு ஆறும் சேர்ந்துகொண்டு படகைத் தூக்கிக்கொண்டு ஓடியது. மூன்று நாள் சாதுவாக இருந்த ஆறா இது என்று பயந்துபோனாராம். வலிக்கவே தேவையில்லை, திருப்பினால் போதும். நீப்பா முடிந்தது, தென்னை வந்தது, தகரக் கூரைகள் வந்தன. மாமி பாதிக் கோலை உயர்த்திப் பிடித்து, "இன்னும்! இன்னும்!" என்று கத்தினாராம். சேறு தெறித்த முகத்தோடு சிரிக்க ஆரம்பித்த சோலையப்பன் நிறுத்தவில்லை. ஆற்றில் யாராவது கேட்டால் கேட்கட்டும் என்று மூவரும் கத்திக்கொண்டே போனார்கள்.

மைதீன் கடையின் பின்புறம் ஆற்றில் இறங்கும் படிக்கட்டு இருந்தது. அங்கே போய்ச் சேர்ந்தபோது ஜும்ஆ முடிந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். கூடத்தில் பாய் விரித்திருந்தது. செய்யது அலி பட்டுத் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நிக்காஹ் செய்து வைக்கிற லெப்பை, சாட்சிகள், எதிரே மைதீன். பின்வாசல் வழியாகச் சேற்றால் செய்த மூன்று மனிதர்கள் உள்ளே வந்தார்கள். முதலில் மாமி. ஆண்கள் இருக்கிற சபைக்குள் ஒரு பெண் அப்படி வந்து அந்த ஊர் பார்த்ததில்லை.

"அஸ்ஸலாமு அலைக்கும். மாப்பிள்ளை வந்துட்டாரு."

மைதீன் எழுந்துவிட்டார். "ரசியா... ஜும்ஆ முடிஞ்சு போச்சும்மா. நான் சபையில வாக்குக் குடுத்துட்டேன். இப்ப எப்படி லா மாத்துறது?"

"நீங்க வாக்குக் குடுத்தீங்க. பொண்ணுகிட்ட கேட்டாச்சா?"

"கேட்டோம்மா," என்றார் லெப்பை. "பேசாம இருந்திச்சு. கன்னிப் பொண்ணு பேசாம இருந்தா சம்மதம்னுதானே எடுத்துக்குவோம்."

"அப்ப எந்தம்பி வரலை. அது என்னத்தைப் பேசும்? இப்ப வந்துட்டான்னு சொல்லிக் கேளுங்க. சரியான்னு கேக்காதீங்க. யாருன்னு கேளுங்க."

சபையில் சலசலப்பு எழுந்தது. லெப்பை மைதீனைப் பார்த்தார். மைதீன் தரையைப் பார்த்தார். அப்போது பேசியவர் செய்யது அலி. அந்த மனிதரை நான் நேரில் பார்த்ததில்லை. ஆனால் இதற்காக அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு.

"கேளுங்க லெப்பை. எனக்கும் தெரியணும்."

லெப்பை இரண்டு சாட்சிகளோடு உள்ளறைத் திரைக்குப் பக்கத்தில் போனார். தொண்டையைச் செருமினார். "லத்தீஃபா, செய்யது அலியும் இருக்காரு, நாகூர் மாப்பிள்ளையும் வந்திருக்காரு. உனக்கு நிக்காஹ் செஞ்சு வைக்கிறதுக்கு யாரைச் சொல்றே?"

அந்தக் கேள்விக்குத் தலையாட்ட முடியாது. பேசாமல் இருந்தாலும் பதிலாகாது. பெயர் சொல்ல வேண்டும். எங்கள் பெண்கள் மாப்பிள்ளை பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று நம்பியவர்கள். திரைக்குப் பின்னால் பெண்கள் குசுகுசுவென்று என்னமோ சொல்வது கேட்டது. யாரோ அவள் வாயைப் பொத்தப் போனார்களாம். மாமி பாதிக் கோலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். வாப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

"ஜெய்னுதீன்."

சின்னக் குரல் இல்லை. கடைக்கு முன்னால் ரோட்டில் நின்றவர்களுக்குக் கேட்டதாம். லெப்பை திகைத்துப்போய், "என்னம்மா?" என்றார்.

"நாகூர் அப்துல் மஜீது மகன் ஜெய்னுதீன். அவங்களைத்தான்."

செய்யது அலி எழுந்து, தன் பட்டுத் தொப்பியைக் கழற்றி, சேறு வழிகிற வாப்பாவின் தலையில் வைத்து, இடத்தைக் காட்டினார். பாய் பாழானது. லெப்பை கேட்டதற்குச் சம்மதம் என்று 'கபூல்' சொல்ல வாப்பாவுக்கு மூச்சு வரவில்லை. இரண்டு தடவை இருமிவிட்டு மூன்றாவது தடவைதான் சொன்னார். மைதீன் சட்டைக் கையில் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். சோலையப்பன் பிஸ்கட் டின்னைக் கவிழ்த்துப் போட்டு, கல்யாணத் துணி வெளியே வந்த கையோடு அதையே மேளமாக்கிக் கொட்டத் தொடங்கிவிட்டார். யாரும் தடுக்கவில்லை. மாமி அப்படியே உள்ளே போய்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டார்; இரண்டு பேருமாகச் சத்தம் போட்டு அழுதார்கள். என் உம்மாவின் கல்யாணச் சேலையில் பட்ட அந்தச் சேற்றுக்கறை கடைசி வரை போகவில்லை.

அதற்குப் பிறகு முப்பத்தெட்டு வருஷம் உம்மா வாப்பாவோடு வாழ்ந்தார். ஒரு தடவைகூட அந்தப் பெயரைச் சொன்னதில்லை. 'இங்க பாருங்க' என்பார், எங்களிடம் 'உங்க வாப்பா' என்பார். ஐடென்டிட்டி கார்டு ஆபீஸில் கிளார்க் கணவர் பெயர் கேட்டால் என்னை முன்னால் தள்ளிச் சொல்ல வைப்பார். சபையில் அவ்வளவு சத்தமாகச் சொன்னவர் இப்போது என்ன வெட்கம் என்று நான் கேலி செய்வேன். உம்மா கோபித்துக்கொள்ள மாட்டார். சொல்ல வேண்டிய அன்னைக்குச் சொன்னேன், கிள்ளானே கேட்டுச்சு, போதும் என்பார்.